லிங்கனின் 1865 பதவியேற்புப் படத்தை வாசிப்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

1865 மார்ச் 4. வாஷிங்டனில் காலையிலிருந்தே மழை. தெருவெல்லாம் சேறு. அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் கட்டிடத்தின் கிழக்கு வாசலில் மரப்பலகை அடித்து மேடை போட்டிருக்கிறார்கள். எதிரே பெரும் கூட்டம் நனைந்த உடையோடு காத்து நிற்கிறது. நான்கு ஆண்டாக நடந்துவரும் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாக அதிபர் பொறுப்பை ஏற்கப் போகிறார். மேடைக்கு எதிரே, அலெக்ஸாண்டர் கார்ட்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் கேமராவோடு தயாராக நிற்கிறார்.

அன்று அவர் எடுத்த படங்களில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. லிங்கன் பொதுமேடையில் நின்று உரையாற்றும்போது எடுத்த படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது அந்த விழாவில் கிடைத்ததுதான். பள்ளிப் புத்தகத்திலோ இணையத்திலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானோர் இரண்டு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நகர்ந்தேன். பெரிய கோப்பை இறக்கி, திரையில் மூலை மூலையாகத் தேடிப் பார்த்த ஒரு மாலையில்தான் இதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. அதே வேலையை நீங்களும் செய்வதற்காகவே இந்த வழிகாட்டி. ஒரு கணினி, நல்ல இணைய இணைப்பு, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். கைபேசித் திரை போதாது.

படி 1: சரியான கோப்பை எடுங்கள்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். அச்சுப்படங்களுக்கும் புகைப்படங்களுக்கும் அங்கே தனிப்பிரிவு உண்டு. தேடல் பெட்டியில் லிங்கன், இரண்டாம் பதவியேற்பு, 1865 என்று ஆங்கிலத்தில் தட்டினால் படங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பல அளவுகளில் கோப்புகள் இருக்கும். சின்ன ஜேபெக்கை விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே பெரிய டிஃப் (TIFF) கோப்பை எடுங்கள். காசு கிடையாது, அனுமதியும் கேட்க வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் நகல்களை இந்த வேலைக்குத் தொடவே கூடாது என்பது என் கருத்து. பல நகல்களில் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். சிலவற்றுக்கு நிறம் ஏற்றியிருப்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு 'தெளிவாக்கிய' படங்களும் வந்துவிட்டன. அவற்றில் தெரியும் மூக்கும் கண்ணும் 1865-இல் இருந்தவை அல்ல, மென்பொருள் தானாக வரைந்தவை. ஒரு முகம் கலங்கலாக இருந்தால் அந்தக் கலங்கலே ஒரு தகவல். அதைத் துடைத்துவிட்டால் நமக்கு வாசிக்க எதுவும் மிஞ்சாது.

நிறம் மங்கி, ஓரம் உடைந்து, கீறலோடு இருக்கும் கோப்பு கிடைத்தால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீறல்களும் நமக்கு வேண்டும்.

படி 2: அந்தப் பத்து நிமிடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படி முக்கியம், அவசரப்படாதீர்கள். படம் எப்படி உருவானது என்று தெரியாவிட்டால் அதில் உள்ளதைத் தப்பாகவே படிப்போம்.

1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரத்தகடு முறையை வெளியிட்டார். 1860-களில் அமெரிக்கப் படக்காரர்கள் கையில் இருந்தது இந்த முறைதான். ஃபிலிம் என்ற பொருளே அப்போது கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு வேண்டும்.

முதலில் கண்ணாடியைப் பளபளவென்று துடைக்க வேண்டும். விரல் ரேகை பட்டிருந்தால் அதுவும் படத்தில் வந்துவிடும். பிறகு தகட்டை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு அதன் மேல் கொலோடியனை ஊற்ற வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்த்த பிசுபிசுப்பான திரவம் அது. நம் வீட்டில் தோசைக்கல்லில் மாவைக் கரண்டியால் பரப்புவார்கள். இங்கே கரண்டி கிடையாது. தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, திரவம் நாலு மூலைக்கும் ஓடி, மிச்சம் மீண்டும் புட்டிக்குள் வடியும்படி செய்ய வேண்டும். கை நடுங்கினால் அலை அலையாகக் கோடு விழும். படத்தின் ஓரங்களை உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்துத் தகடுகள் பலவற்றில் ஒரு மூலை மட்டும் கொலோடியன் படாமல் வெறுமையாக இருக்கும். விரல் பிடித்த இடம் அது. நூற்றாண்டைத் தாண்டி ஒரு ஆளின் கட்டைவிரல் அங்கே இருக்கிறது.

அடுத்த வேலை இருட்டில். தகட்டை வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கினால்தான் அது ஒளியை உணரும். சொட்டச் சொட்ட எடுத்து, வெளிச்சம் புகாத மரச்சட்டத்துக்குள் வைத்து மூடி, கேமராவுக்கு ஓட வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அப்போது ஷட்டர். சில நொடி திறந்துவைத்து மூடிவிட்டு மறுபடி இருட்டுக்கு ஓட்டம். இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றினால் படம் எழும்பும். நீரில் அலசி, ஹைப்போவோ (சோடியம் தயோசல்பேட்) பொட்டாசியம் சயனைடோ போட்டு நிலைநிறுத்தி, மறுபடி கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூச வேண்டும். சயனைடு என்றதும் உங்களுக்குத் தோன்றும் பயம் சரியான பயம்தான். இந்த முறையை இன்றும் ஆசையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழகியவரிடம் நேரில் கற்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

இதில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ஈரம். கொலோடியன் காய்ந்துவிட்டால் தகடு வீண். ஊற்றியதிலிருந்து டெவலப் செய்வது வரை ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். அதனால் இருட்டறை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு போடுங்கள். லிங்கனின் அன்றைய உரை சுமார் 700 சொற்கள். ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு தகடு தயாராக ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியென்றால் லிங்கன் எழுந்த பிறகு தகடு தயாரிக்கத் தொடங்கியிருந்தால் அவர் உட்கார்ந்த பிறகுதான் கேமராவுக்கு வந்து சேர்ந்திருக்கும். நம் கண்ணில் படும் அந்தத் தகட்டை, அவர் எழுவதற்கு முன்பே ஊற்றி நனைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். இதை யோசித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அதுவரை சும்மா நின்றிருந்த படம் திடீரென்று மூச்சு விடும்.

இந்த நேரக்கணக்கின் அருமை புரிய வேண்டுமானால் அந்தப் போரின் பெரும் சண்டை ஒன்று நடந்த ஊரான கெட்டிஸ்பர்க்கை நினைத்துப் பாருங்கள். 1863 நவம்பர் 19-இல் அங்கே வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா. புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அப்புறம் லிங்கன் எழுந்து இரண்டே நிமிடம் பேசினார். அமெரிக்கர்கள் மனப்பாடமாகச் சொல்லும் அந்த உரையை அவர் ஆற்றும் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

படி 3: வெளிச்சத்தையும் வானத்தையும் சோதியுங்கள்

காலை மழை பெய்தது என்றேன். உச்சிப்பொழுதுக்குப் பிறகு லிங்கன் முன்னே வந்தபோது மேகம் விலகி வெயில் அடித்தது என்று அங்கிருந்த செய்தியாளர் நோவா புரூக்ஸ் எழுதியிருக்கிறார். படத்தில் இதைச் சரிபார்க்க முடியுமா? முயன்று பார்க்கலாம்.

கேப்பிடலின் இந்த முகப்பு கிழக்கு நோக்கியது. நீங்கள் அதை நேருக்கு நேர் பார்த்தால் உங்கள் இடக்கை தெற்கு, வலக்கை வடக்கு. வாஷிங்டன் ஏறக்குறைய 39 பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போகும். மார்ச் தொடக்கத்தில் உச்சிப்பொழுதில் அது சுமார் 45 பாகை உயரத்தில் நிற்கும். அதாவது ஆளின் உயரமும் நிழலின் நீளமும் ஏறக்குறைய சமம், நிழல் வலப்பக்கம் விழும். உச்சி கடந்துவிட்டால் சூரியன் கட்டிடத்துக்குப் பின்னே நகரத் தொடங்கும், முகப்பு மெல்ல நிழலுக்குள் போகும். தூண்களின் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, தொப்பிகளின் கீழே முகத்தில் நிழல் கூர்மையாக விழுகிறதா அல்லது பொதுவாக மங்கலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு படத்திலும் குறித்து வையுங்கள். ஒரே விழாவின் இரண்டு படங்களில் எது முன்னே எது பின்னே என்று ஊகிக்க இந்தக் குறிப்பு உதவும்.

வானத்தைப் பார்த்து மட்டும் வானிலையைச் சொல்லிவிடாதீர்கள். ஈரத்தகடு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். நீல வானமும் வெள்ளை மேகமும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் வெறும் வெள்ளையாகவே விழும். இந்தக் கோளாறு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லினியஸ் டிரைப் பயன்படுத்தியது காகித நெகட்டிவ், அதாவது ஒளியும் இருளும் தலைகீழாகப் பதியும் மூலப்படம். அங்கேயும் வானம் வெறுமையாகத்தான் வந்தது. அவர் நெகட்டிவ்வின் மேல் கையாலேயே மேகம் தீட்டிவிட்டார்!

நிறத்திலும் இதே கதை. சிவப்பும் மஞ்சளும் கறுத்துப் போகும், நீலம் வெளுத்துப் போகும். கொடியில் சிவப்புப் பட்டைகள் கறுப்பாக இருக்கும், நட்சத்திரம் உள்ள நீலக் கட்டம் எதிர்பார்த்ததைவிட வெளிறியிருக்கும். படைவீரரின் வெளிர்நீலக் கால்சட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். வெயிலில் சிவந்த முகம் இன்னும் கறுத்துக் கரடுமுரடாகத் தெரியும். படத்தில் ஒருவரின் முகம் இருண்டிருக்கிறது என்பதால் மட்டும் அவர் யார், எந்த இனத்தவர் என்று முடிவு கட்டக் கூடாது.

படி 4: கட்டிடத்தை நாள்காட்டியாக வையுங்கள்

இது சுருக்கமான படி, ஆனால் கைமேல் பலன் தருவது. கேப்பிடலின் பழைய குவிமாடத்தை 1850-களின் நடுவில் எடுத்துவிட்டு, தாமஸ் வால்டரின் வடிவமைப்பில் இரும்புக் குவிமாடம் எழுப்பத் தொடங்கினார்கள். அதன் உச்சியில் சுதந்திரச் சிலை ஏறிய நாள் 1863 டிசம்பர் 2. ஆகவே கட்டிடம் முழுதாகத் தெரியும் படம் கையில் கிடைத்தால் உச்சியைப் பாருங்கள். சிலை இல்லை, சாரம் கட்டியிருக்கிறது என்றால் அது லிங்கனின் இரண்டாவது பதவியேற்பாக இருக்க வழியே இல்லை. 1861 மார்ச் 4-இல் நடந்த முதலாவது பதவியேற்பின் படத்தில் பாதிக் குவிமாடமும் சாரமும் கண்ணை உறுத்தும்படி நிற்கின்றன.

மரங்களும் உதவும். மார்ச் தொடக்கத்தில் அங்கே மரங்கள் மொட்டையாக இருக்கும். இலை அடர்ந்திருந்தால் அது பதவியேற்பே அல்ல. அந்தக் காலத்தில் பதவியேற்பு நாள் மார்ச் 4 தான். 1937-இலிருந்துதான் அது ஜனவரி 20 ஆனது.

படி 5: மேஜையைத் தேடுங்கள், லிங்கன் கிடைப்பார்

முதல்முறை நான் லிங்கனைத் தேடியபோது தாடி வைத்தவர்களை எல்லாம் உற்றுப் பார்த்து ஏமாந்தேன். மேடை நிறைய தாடிக்காரர்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டு. அவர் தலையில் தொப்பி வேறு இல்லை. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மேடையின் நடுவே முன்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளை மேஜையைத் தேடுங்கள். அதன் அருகே கையில் தாளோடு நிற்பவர் லிங்கன். ஒடுங்கிய தோள், சற்றே குனிந்த தலை. பார்வை தாளில் இருக்கிறது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே அவர் எவ்வளவு சிறியவராகத் தெரிகிறார் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

அந்த மேஜைக்கு ஒரு கதை உண்டு. கேப்பிடலின் புதிய குவிமாடத்துக்கு வார்த்த இரும்பில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, பொதுக் கட்டிடங்களின் ஆணையர் பெஞ்சமின் பிரவுன் பிரெஞ்ச் இந்த விழாவுக்கென்றே செய்வித்த மேஜை அது. போர் நடக்கும்போதும் நிற்காமல் வளர்ந்த குவிமாடத்தின் ஒரு துண்டு, போரை முடிக்கச் சொல்லும் உரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'எவர்மீதும் வன்மமின்றி, அனைவர்மீதும் பரிவோடு' என்ற வரி அந்த உரையில்தான் வருகிறது.

பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களில் தலைமை நீதிபதி சால்மன் சேஸ், புதிய துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் போன்றோரை அடையாளம் காட்டும் குறிப்புகள் உண்டு. அவற்றைப் படிக்கும் முன் நீங்களே ஒருமுறை முயலுங்கள். சேஸின் தனிப்படம் ஒன்றைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்துவைத்து நெற்றியையும் தலைமுடியையும் ஒப்பிடுங்கள். காதும் மயிர்க்கோடும் நம்பத்தக்கவை. தாடியை நம்பாதீர்கள்.

படி 6: அசைந்தவர்களைக் கணக்கெடுங்கள்

லென்ஸ் சில நொடி திறந்திருக்கும்போது அசைந்த எதுவும் கலங்கிவிடும். தூண் கூர்மையாக இருக்கும், கைப்பிடிச் சுவர் கூர்மையாக இருக்கும், தலைகள் மட்டும் புகையாக இருக்கும். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் கலங்கல் அதிகம் என்று நோட்டில் குறியுங்கள். மேடைக்கு அருகே இருப்பவர்கள் உரையைக் கேட்டு அசையாமல் நிற்கிறார்களா? தூரத்தில் இருப்பவர்கள் காது கேட்காமல் திரும்பிப் பேசிக்கொள்கிறார்களா? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பேச்சு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று ஊகிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. குதிரை நின்றால் தலையும் வாலும் மட்டும் கலங்கும், உடல் தெளிவாக இருக்கும்.

ஒரே காட்சி இரட்டையாகப் பக்கம் பக்கமாக இருக்கும் படங்களும் கிடைக்கும். அவை ஸ்டீரியோ படங்கள். இரண்டு லென்ஸ் கொண்ட கேமராவில் எடுத்தவை, அதற்கென்று உள்ள கருவி வழியாகப் பார்த்தால் ஆழம் தெரியும். அப்படிப் பார்க்கும் கருவி இல்லாவிட்டாலும், இடப்படத்தையும் வலப்படத்தையும் மாறி மாறித் திறந்து பாருங்கள். முன்னே நிற்பவர் அதிகம் நகர்வார், பின்னே இருப்பவர் குறைவாக நகர்வார். ஒரு படத்தில் கறையா முகமா என்று சந்தேகம் வந்தால் மற்றதில் சரிபார்க்கலாம். கறை ஒன்றில் மட்டும்தான் இருக்கும்.

படி 7: கூட்டத்துக்குள் போங்கள்

லிங்கனைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அவரைவிடக் கூட்டம்தான் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அன்றைய பதவியேற்பு ஊர்வலத்தில் கறுப்பினப் படைவீரர்கள் அணிவகுத்தார்கள். அதற்கு முன் எந்த அதிபரின் ஊர்வலத்திலும் அப்படி நடந்ததில்லை. கூட்டத்தைக் காட்டும் படங்களில் சீருடை அணிந்தவர்களைத் தேடிப் பாருங்கள். படி 3-இல் சொன்ன எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, நாடறிந்த பேச்சாளராக உயர்ந்த பிரடெரிக் டக்ளஸும் அந்தக் கூட்டத்தில் நின்று உரையைக் கேட்டார். மாலையில் வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போனபோது காவலர்கள் அவரைத் தடுத்தார்கள். லிங்கனுக்குச் செய்தி போனதும் உள்ளே விட்டார்கள். உரை எப்படி இருந்தது என்று லிங்கன் அவரிடம் கேட்டார். அது புனிதமான முயற்சி என்றார் டக்ளஸ். படத்தில் அவர் முகத்தை என்னால் காட்ட முடியாது. ஆனால் அந்தத் தலைகளில் ஒன்று அவருடையதாக இருக்கலாம் என்ற நினைப்போடு தேடும்போது கண் தானாக நிதானமாகிறது.

இன்னொருவனும் அன்று அங்கே வந்திருந்தான். நடிகன் ஜான் வில்க்ஸ் பூத். 41 நாள் கழித்து, ஏப்ரல் 14 இரவு, நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டவன். மேடைக்கு மேலே உள்ள மாடத்தில் நிற்கும் ஓர் உருவத்தை வட்டமிட்டு 'இதோ பூத்' என்று காட்டும் படங்கள் இணையத்தில் ஏராளம். அவன் விழாவுக்கு வந்தான் என்பதற்குச் சாட்சிகளின் வாக்குமூலம் உண்டு. மாடத்தில் தெரியும் அந்தப் புள்ளி அளவு முகம் அவனுடையதுதானா என்பது வேறு கேள்வி. நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். மீசை, தொப்பி, ஒரு நிழல். அந்தக் காலத்து இளைஞர்களில் எத்தனையோ பேருக்குப் பொருந்தும் அடையாளங்கள். நான் நோட்டில் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். வட்டம் போட்ட படத்தை முதலில் பார்த்துவிட்டால் கண் அதையேதான் பார்க்கும். அதனால் வட்டம் இல்லாத படத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 8: தலைப்பைச் சந்தேகியுங்கள்

பெரிய நூலகம் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் இந்த விழாவின் மூன்று கண்ணாடி நெகட்டிவ்கள் பல பத்தாண்டுகள் அதே நாடாளுமன்ற நூலகத்தில் தப்பான பெயரில் கிடந்தன. போரில் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கி, பிறகு அதிபரான யுலிசஸ் கிராண்டின் பதவியேற்பு அல்லது போர் முடிந்ததும் நடந்த பெரும் படை அணிவகுப்பு என்று குறித்திருந்தார்கள். 2008-இல் நூலகத்தின் புகைப்படக் காப்பாளர் கேரல் ஜான்சன் அவற்றைத் தெரிந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, லிங்கனின் இரண்டாம் பதவியேற்புதான் என்று கண்டுகொண்டார். புதையல் வெளியே எங்கும் இல்லை, அலமாரியிலேயே இருந்தது.

இந்தக் குழப்பத்தை நீங்களே பிரித்துப் பார்க்கலாம், நல்ல பயிற்சி. படை அணிவகுப்பு 1865 மே 23, 24 தேதிகளில் நடந்தது. மே மாதத்தில் மரங்களில் இலை இருக்கும், ஆகவே மொட்டை மரம் தெரிந்தால் அது கழிந்தது. கிராண்டின் பதவியேற்பு 1869-இல், அதே மார்ச் 4. மரம் இங்கே உதவாது, குவிமாடமும் உதவாது. மேடையின் அமைப்பு, கொடிகள் தொங்கும் இடம், ஒரே தொப்பியோடு ஒரே இடத்தில் நிற்கும் ஆட்கள் என்று உறுதியான படத்தோடு ஒன்றுக்கொன்று பொருத்தினால்தான் விடை வரும்.

கெட்டிஸ்பர்க் விழாவில் லிங்கன் தெரியும் படமும் (அவர் பேசும் படம் அல்ல) இப்படி வந்ததுதான். 1952-இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜோசபின் காப் ஒரு பழைய கண்ணாடி நெகட்டிவ்வைப் பெரிதாக்கிப் பார்த்தார். கூட்டத்தின் நடுவே தொப்பியில்லாத, குனிந்த ஒரு தலை. லிங்கன்! அந்த அடையாளம் இன்றுவரை நிற்கிறது. அதே விழாவில் கார்ட்னர் எடுத்த ஸ்டீரியோ படங்களில் குதிரைமேல் இருக்கும் ஓர் உருவத்தை லிங்கன் என்று 2007-இல் ஒருவர் காட்டினார். இல்லை, இன்னொரு உருவம்தான் லிங்கன் என்று 2013-இல் மற்றொருவர் காட்டினார். சண்டை தீரவில்லை. இரண்டையும் நேரம் எடுத்துப் பாருங்கள். ஓர் அடையாளம் ஏன் நிற்கிறது, மற்றொன்று ஏன் ஆடுகிறது என்பது கண்ணுக்கே புரியும்.

படி 9: பத்திரிகையில் வந்த படத்தோடு ஒப்பிடுங்கள்

அந்தக் காலத்தில் பத்திரிகையில் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. படத்தைப் பார்த்து ஓவியர் மரக்கட்டையில் வரைவார், செதுக்குவார், அந்தக் கட்டையைத்தான் அச்சில் ஏற்றுவார்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற வார இதழ் இந்த விழாவை அப்படித்தான் 1865 மார்ச் 18 இதழில் வெளியிட்டது, கார்ட்னரின் படத்தை வைத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செதுக்கியவர் எங்கே முகத்தைத் தெளிவாக்கினார், எங்கே கூட்டத்தை ஒழுங்கு செய்தார், கலங்கிய தலைகளை என்ன செய்தார் என்று பட்டியல் போடுங்கள். அன்றைய வாசகர்களில் பெரும்பாலானோர் பார்த்த 'புகைப்படம்' இந்த மரச்செதுக்குத்தான். இன்றைய மென்பொருள் செய்யும் அதே திருத்தத்தை உளி செய்திருக்கிறது.

நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்டு விற்பதும் நடந்தது. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் கண்ணாடித் தகட்டை நேராக வைத்து வெயிலில் காட்டுவார்கள். பெரிதாக்குவது இல்லை, தகடு எவ்வளவோ பிரிண்டும் அவ்வளவே. அதனால்தான் நுணுக்கம் இவ்வளவு கூர்மையாக மிஞ்சியிருக்கிறது. கண்ணாடி உடைந்தால் எல்லாம் போச்சு. அதே 1865 பிப்ரவரியில் கார்ட்னர் எடுத்த லிங்கனின் தனிப்படத்தில் தகடு குறுக்கே விரிசல் விட்டது. ஒரே ஒரு பிரிண்ட் எடுத்தார்கள். அந்தக் கோடு லிங்கனின் தலைக்கு மேலாக ஓடுகிறது.

படி 10: மற்ற இரண்டு படங்களில் கை பழக்குங்கள்

இதுவரை செய்ததை இனி நீங்களே தனியாகச் செய்ய இரண்டு படங்கள்.

முதலாவது 1857 மார்ச் 4, ஜேம்ஸ் புக்கானன் பதவியேற்பு. அதிபர் பதவியேற்பைக் காட்டும் படங்களில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது இதுதான். எடுத்தவர் ஜான் வுட். கேப்பிடலை விரிவாக்கும் கட்டுமானத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் மான்ட்காமரி மீக்ஸ் அமர்த்திய படக்காரர். கட்டிட வேலையைப் பதிவு செய்ய வந்த கேமராவுக்கு ஒரு வரலாற்று விழா அகப்பட்டது. அதில் கூட்டத்தின் அடர்த்தியைப் பாருங்கள், புக்கானனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது 1861, லிங்கனின் முதல் பதவியேற்பு. மேடைக்கு மேல் மரக்கூரை போட்டிருப்பார்கள், அதன் நிழலில் அவர் நிற்கிறார். பெரிதாக்கினாலும் உருவம் சரியாகப் பிடிபடாது. குவிமாடம் பாதியில் நிற்கிறது. போர் தொடங்க இன்னும் ஆறு வாரம்கூட இல்லை.

மூன்று படங்களையும் திரையில் வரிசையாகத் திறந்து வையுங்கள். பிறகு நான்காவதாக ஒரு சாளரம் திறந்து, பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்துக்குப் போங்கள். லிங்கனின் பக்கத்தில் நின்ற அந்தச் சின்ன இரும்பு மேஜை இன்றும் அவர்களிடம் இருக்கிறது. அதன் இன்றைய படத்தை 1865 படத்தின் வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, காலின் அமைப்பையும் மேற்பலகையின் வடிவத்தையும் பொருத்திப் பாருங்கள்.